கேளுங்கள், சொல்கிறோம்: வேலி தாண்டி வரும் விலங்குகள்

மலையடிவாரத்திலும் டூசுன் (பழத்தோட்டம்) ஓரத்திலும் குடியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். “ஆள் வைத்துப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லலாமா?” என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம். ஆனால் அது வந்த காரணம் வீட்டிலேயே இருந்தால், போனதன் இடத்துக்கு இன்னொன்று வரும். அதனால் பதில்களில் விலங்கைவிட வலை, மூடி, குப்பை, மரக்கிளை இவற்றின் பேச்சே அதிகமாக இருக்கும்.

கேள்வி: டூசுனை ஒட்டி வீடு, பின்னால் கோழி வளர்க்கிறோம். மலைப்பாம்பு வந்து கோழிகளை விழுங்கிவிட்டது. பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்துப் போனார்கள். சில மாதத்தில் இன்னொன்று வந்துவிட்டது. வீட்டைச் சுற்றிக் கந்தகத் தூள் போட்டும் பயனில்லை.
– சு.ரா., பாலிக் பூலாவ்

பதில்: கந்தகம் பாம்பைத் தடுக்காது. உப்பு, பூண்டு, அந்துருண்டை எல்லாம் அதே கதைதான். பாம்பு நாக்கை நீட்டி மணம் பிடிக்கும் என்பது உண்மை. அதற்காக, பிடிக்காத மணம் அடித்ததும் கோட்டைத் தாண்டாமல் திரும்பிப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பினாங்கில் ஒரு மழை பெய்தால் தூள் முழுவதும் கால்வாயில். அந்துருண்டையால் கெடுதல் கோழிக்கும் தவழும் பிள்ளைக்கும்தான். அந்தப் பணத்துக்கு நல்ல வலை வாங்குங்கள்.

உங்கள் கூட்டில் இருப்பது அறுகோணக் கண் கோழிவலையாகத்தான் இருக்க வேண்டும். அது கோழியை உள்ளே வைக்கும் வலை. வெளியே இருப்பதைத் தடுக்கும் வலை அல்ல. கண் அகலம், கம்பி மெலிது. பாம்பின் தலை நுழையும் கண்ணில் உடம்பும் நுழைந்துவிடும். மூசாங் (மரநாய்) அதைப் பல்லாலும் நகத்தாலும் பிரித்துவிடும். கண்கள் 12 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, கம்பிகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு துத்தநாகம் பூசிய சதுரக்கண் வலையாகக் கேட்டு வாங்குங்கள். பக்கச்சுவர் முழுவதும், கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள காற்றுவழி உட்பட, அதே வலைதான். பலர் காற்றுவழியை மறந்துவிடுகிறார்கள். மலைப்பாம்பு நன்றாகவே மரம் ஏறும். மேலே இருக்கும் இடைவெளிதான் அதற்கு வாசல்.

கூடு தரையில் நிற்பதானால், வலையைத் தரையோடு நிறுத்தாமல் வெளிப்பக்கமாக 30 சென்டிமீட்டர் மடக்கி, மண்ணில் ஓர் அடுக்கு மூடி வையுங்கள். தோண்டி வருவது எதுவானாலும் சுவரோரத்தில்தான் தோண்டும். மடக்கிய வலையில் முட்டி நின்றுவிடும். கதவைச் சாத்திவிட்டு உங்கள் சுண்டுவிரலை ஓரத்தில் விட்டுப் பாருங்கள். விரல் போனால் குட்டிப் பாம்பும் போகும். கதவுக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். நடுவில் ஒன்று மட்டும் போட்டால் கீழ்மூலை வளைந்து கொடுக்கும்.

அடுத்தது தீனி. இரவில் சிந்திக் கிடக்கும் தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். பல வீடுகளில் கோழிக்கு முன்பே பாம்பை அழைத்தது எலிதான். மாலையில் மிச்சத்தை அள்ளிவிடுங்கள். மூட்டையை மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள். பிளாஸ்டிக் தொட்டியை எலி ஒரு வாரத்தில் ஓட்டை போட்டுவிடும். முட்டையை அன்றன்றே எடுங்கள். தேங்காய் மட்டைக் குவியல், பழைய கூரைத் தகடு, அடுக்கிய பலகை எதுவும் கூட்டின் பக்கத்தில் வேண்டாம்.

மறுபடி பாம்பு வந்தால்: மலைப்பாம்புக்கு நஞ்சு இல்லை, ஆனால் உள்நோக்கி வளைந்த பற்கள் சதையைக் கிழித்துவிடும். பெரியது சுற்றினால் ஓர் ஆளால் பிரிக்க முடியாது. கூட்டுக்குள் இருந்தால் கதவைச் சாத்தி, நாயைக் கட்டிவிட்டு, நான்கு மீட்டர் தள்ளி நின்று கண்வைத்துக்கொள்ளுங்கள். 999-ஐ அழைத்தால் தீயணைப்புப் படைக்கோ பொதுத் தற்காப்புப் படைக்கோ இணைப்பார்கள். வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி “எங்கே இருக்கிறது?” என்பதே. “இப்போதுதான் இங்கே இருந்தது” என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. கோழியை விழுங்கிய பாம்பைக் கம்பால் குத்தாதீர்கள். பயத்தில் விழுங்கியதைக் கக்கிவிட்டு வேகமாகிவிடும். அடித்துக் கொல்வதும் வேண்டாம். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மலைப்பாம்பு பாதுகாக்கப்பட்ட உயிர். தோலுக்காகவோ கறிக்காகவோ பிடிப்பதற்கும் உரிமம் வேண்டும்.

கேள்வி: குளியலறையில் வெள்ளைப் பட்டை போட்ட சின்னப் பாம்பு. அண்டை வீட்டுக்காரர் கட்டுவிரியன் என்கிறார். என் மாமனார் நஞ்சில்லாதது என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? கடித்துவிட்டால் என்ன செய்வது?
– ம.தே., ஆயர் ஈத்தாம்

பதில்: வீட்டுச் சுவரில் ஏறிப் பல்லி பிடிக்கும் ஓநாய்ப் பாம்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழுப்பு உடம்பு, கழுத்தில் வெளிர் வளையம், முதுகில் பொடிப்பொடியாக வெள்ளைக் கோலம், தட்டையான தலை. கட்டுவிரியன் அப்படி இராது. உடம்பு பளபளக்கும், கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அகலமாகத் தெளிவாக இருக்கும், நடுமுதுகில் ஒரு வரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை. பெரும்பாலும் தரையோடுதான் போகும். சுவரில் ஏறிப் பல்லி தேடும் பழக்கம் அதற்கு இல்லை.

சொல்லிவிட்டோம், ஆனால் இதை நம்பிக் கையை நீட்டாதீர்கள். ஓநாய்ப் பாம்பின் உறவுப் பாம்பொன்று, குட்டியாக இருக்கையில் அச்சு அசல் கட்டுவிரியன் போலவே பட்டை போட்டிருக்கும். பாம்பு பிடிப்பவர்களே ஏமாறுவார்கள். கைப்பேசியில் தூரத்திலிருந்து படம் எடுங்கள், கதவைச் சாத்தி அடியில் ஈரத்துணியைத் திணியுங்கள், 999-ஐ அழையுங்கள். மாமனாரின் கருத்து சரியாகவே இருக்கலாம். சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

கட்டுவிரியனின் ஆபத்து அதன் அமைதியில் இருக்கிறது. கடித்த இடம் வீங்காது, வலியும் பெரிதாகத் தெரியாது. எறும்பு என்று நினைத்துத் தூங்கப் போனவருக்குச் சில மணி நேரத்தில் இமை கனக்கும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாமல் போகும். அதன்பின் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். அதனால் பாம்பு கடித்ததாகச் சந்தேகம் இருந்தாலே, வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது.

கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வையுங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கடிகாரம், கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கியபின் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கையோ காலோ அசையாதபடி பலகையோ சுருட்டிய செய்தித்தாளோ வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவசரப் பிரிவுள்ள அரசாங்க மருத்துவமனைக்கு நேரே போங்கள். வழியில் வீக்கம் எவ்வளவு ஏறுகிறது என்று பேனாவால் தோலிலேயே கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதினால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, விஷக்கல் ஒட்டுவது எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டுவது ஏன் தவறு என்று பலர் கேட்கிறார்கள். நாகமும் குழிவிரியனும் கடித்தால் நஞ்சு அந்த இடத்துச் சதையையே அழிக்கும். கட்டு போட்டால் நஞ்சு அங்கேயே தேங்கும், இரத்த ஓட்டமும் நிற்கும். விரலோ காலோ போய்விடலாம். பாம்பை அடித்து எடுத்துப் போவதும் தேவையில்லை. அறுந்த தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும். படம் போதும்.

இன்னொன்றையும் எதிர்பார்த்துப் போங்கள். கடி என்றதும் எல்லாருக்கும் நஞ்சுமுறிவு மருந்து ஏற்ற மாட்டார்கள். நஞ்சு ஏறாத கடியும் உண்டு. மருந்தால் ஒவ்வாமையும் வரும். இரத்தம் எடுத்துப் பார்த்து, ஒருநாள் முழுக்கக் கண்காணித்து, நஞ்சு ஏறிய அறிகுறி தெரிந்தால்தான் ஏற்றுவார்கள். “ஊசியே போடவில்லை” என்று சண்டைக்குப் போகாதீர்கள், வீட்டுக்கும் கிளம்பிவிடாதீர்கள்.

டூசுனில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வட மாநிலங்களில் ரப்பர் மரத்தடியிலும் பழத்தோட்டச் சருகிலும் இருக்கும் மலாயாக் குழிவிரியன், ஆள் அருகே வந்தாலும் நகராது. பழுப்பு முக்கோணங்கள் சருகோடு சருகாகக் கலந்துவிடும். மிதித்தபிறகுதான் தெரியும். விடியலுக்கு முன் டுரியான் பொறுக்கப் போகிறவர்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, தலைவிளக்கோடு போங்கள். கையை விடும் முன் பழத்தைக் கம்பால் புரட்டுங்கள். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் பச்சையாகச் சுருண்டு கிடக்கும் விரியனைப் பார்த்துவிட்டு, விரியன் எல்லாம் சாது என்று எண்ணிவிட வேண்டாம்.

நாகம் துப்பி நஞ்சு கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில் இமையைத் திறந்து பிடித்து 20 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். பால், தாய்ப்பால், எண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம். சுத்தமான தண்ணீரைவிட நல்லது ஒன்றில்லை.

கேள்வி: காட்டோரத்து அடுக்குமாடியில் நான்காவது மாடி. குரங்குகள் சமையலறைக்குள் வந்து பிரிட்ஜைக்கூடத் திறக்கின்றன. பட்டாசு வெடித்தால் இரண்டு நாள் வராது, பிறகு பழையபடிதான். வயதான அம்மா வீட்டில் இருக்கிறார்.
– வி.க., கெப்போங்

பதில்: பட்டாசு, உண்டிவில், பொம்மைப் பாம்பு, பொம்மைப் புலி எல்லாவற்றுக்கும் ஆயுள் சில நாள்தான். சத்தத்தால் அடி விழவில்லை என்று தெரிந்ததும் குரங்கு அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். உணவு கிடைக்காத வீடு என்று அதற்குத் தெரிவதுதான் நிரந்தரம். உங்கள் வீடு மட்டும் திருந்தினால் போதாது என்பதுதான் இதில் கஷ்டம். கீழே யாரோ ரொட்டி போட்டுக்கொண்டிருந்தால் மாடி முழுவதும் அனுபவிக்கும். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

உங்கள் வீட்டில் ஜன்னலுக்கு வெளியிலிருந்து என்ன தெரிகிறது என்று பாருங்கள். தமிழர் வீடுகளில் பெரும்பாலும் அது சாமி மாடம். வாழைப்பழமும் உடைத்த தேங்காயும் ஜன்னலுக்கு நேரே, நாள் முழுக்க. பூஜை முடிந்து அரை மணியில் பழத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்; சாமி கோபித்துக்கொள்ளாது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே 5 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குட்டி உள்ளே நுழைந்து தாய்க்கு எடுத்துக் கொடுக்கும். கொசுவலையை விரலால் கிழித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வலை போடுங்கள். பிரிட்ஜுக்குக் குழந்தைப் பூட்டு ஒன்று, கடையில் சில ரிங்கிட்தான். குப்பையை முந்தின இரவே வெளியே வைக்காமல், லாரி வரும் காலையில் வையுங்கள். தொட்டி மூடியின் மேல் கல் வைப்பது வேலைக்காகாது. கவிழ்த்தால் கல்லும் விழும், மூடியும் திறக்கும். தொட்டியைக் கம்பத்தோடு கட்டி, மூடிக்குக் கொக்கிபோட்ட ரப்பர் பட்டை மாட்டுங்கள்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியவை: குரங்கின் கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது. அதற்கு அது மிரட்டல். முதுகைக் காட்டி ஓடக் கூடாது. கையிலிருக்கும் பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிட வேண்டும். பத்துமலைப் படிகளில் நடப்பதும் இதுவேதான்: பிளாஸ்டிக் பை என்றால் தீனி என்று அவை பழகிவிட்டன, பைக்குள் மருந்துச் சீட்டு இருந்தாலும் சரி. வீட்டுக்குள் வந்த குரங்கை மூலையில் மடக்காதீர்கள். அது வந்த ஜன்னலை அகலத் திறந்து, நீங்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, துடைப்பத்தால் தரையைத் தட்டுங்கள். போய்விடும். வழியை அடைத்து நின்றால்தான் கடி.

கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, டெட்டனஸ் இரண்டையும் பற்றிக் கேளுங்கள். இந்தக் குரங்குகளில் பி வைரஸ் என்ற கிருமியும் இருக்கக்கூடும். மனிதருக்கு வருவது அபூர்வம், வந்தால் மூளையைத் தாக்கும். கடி சிறிதாயிற்றே என்று விடாதீர்கள்.

காட்டோரத்தில் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று காய்ச்சல். குரங்கின் உடம்பில் இருக்கும் நோலெசி மலேரியா கொசு வழியாக மனிதருக்கு வரும். மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா 2018 முதல் இல்லை. உள்ளூரில் இப்போது வருவது குரங்கு மலேரியாதான். அந்தக் கிருமி இரத்தத்தில் 24 மணிக்கு ஒருமுறை பெருகுவதால் மற்ற மலேரியாவைவிட வேகமாக முற்றும். டெங்கி சோதனை இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடவில்லை என்றால், “வீட்டுக்குப் பின்னால் காடு, குரங்கு வரும்” என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று இருக்காதீர்கள்.

கேள்வி: கண்ணைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடி போட்டது போல ஒரு கருங்குரங்குக் கூட்டம் செம்பருத்தியையும் அவரைக் கொழுந்தையும் தின்கிறது. குட்டி ஒன்று ஆரஞ்சு நிறம். வாழைப்பழம் போட்டால் செடியை விடுமா?
– ஜெ.பா., தெலுக் பகாங்

பதில்: போடவே கூடாது. இது லோத்தோங். இலை தின்னும் இனம். மாட்டைப் போல வயிற்றில் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும். இனிப்புப் பழமும் ரொட்டியும் அந்த வயிற்றைக் கெடுத்துவிடும். குட்டி பிறக்கும்போது ஆரஞ்சாக இருந்து சில மாதத்தில் சாம்பலாகும். யாரோ சாயம் பூசியதல்ல. அவரைப் பந்தலுக்கு மேல் மெல்லிய வலை போட்டால் போதும். மரத்துக்கு மரம் தாவுவதற்கு அவை பயன்படுத்தும் கிளையை மட்டும் வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் மின்கம்பியில் போகும், இல்லாவிட்டால் சாலையில் இறங்கி அடிபடும். உங்கள் தெலுக் பகாங்கிலேயே 2019-இல் சாலைக்கு மேலே பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு பாலம் கட்டினார்கள். கிளைப்பாதை அறுந்த இடத்தில் செய்த மாற்று அது.

கேள்வி: சீலிங்குக்கு மேல் இரவில் யாரோ நடப்பது போலச் சத்தம். எலி விஷம் வைத்தேன், பலனில்லை. சீலிங்கில் மஞ்சள் கறை வேறு.
– அ.மு., செராஸ்

பதில்: மூசாங், அதாவது மரநாய். எலி இரவு முழுக்கச் சுரண்டும், ஓடும். மூசாங்கின் சத்தம் கனமாக இருக்கும், இரண்டே வேளையில் கேட்கும்: இருட்டியதும் வெளியே போகும்போது ஒருமுறை, விடியலில் திரும்பும்போது ஒருமுறை. எச்சத்தில் முழுப் பழக்கொட்டைகள் இருக்கும். சில வீடுகளில் பாண்டான் இலை வாசனை அடிக்கும். அதுவும் இதன் வேலையே. விஷத்தை முதலில் எடுங்கள். செத்து நாறினால் கூரையைப் பிரிக்க வேண்டிவரும், சட்டச் சிக்கலும் வரும்.

கூண்டு வைத்துப் பிடிக்கலாமே என்பீர்கள். தாய் பிடிபட்டு, குட்டிகள் மேலேயே கிடந்து சாவதுதான் வழக்கமாக நடப்பது. வழியை அடைப்பதே வழி, அதற்கு வரிசை முக்கியம்.

முதலில் வாசலைக் கண்டுபிடியுங்கள். ஓடு நழுவிய இடம், கூரை முனைப் பலகையின் இடைவெளி, காற்றுத் துவாரம் இவற்றில் சந்தேகப்படும் ஒவ்வொன்றிலும் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாக அடையுங்கள். மறுநாள் எது தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான் வாசல். சுவரிலும் வாய்க்கால் குழாயிலும் எண்ணெய்ப்பிசுக்கான கறுப்புத் தடம் இருந்தால் அதுவும் சாட்சி. அடுத்து, பகலில் காது கொடுத்துக் கேளுங்கள். பூனைக்குட்டி போல மெல்லிய சத்தம் வந்தால் குட்டி இருக்கிறது. அப்படியானால் இப்போது எதையும் அடைக்க வேண்டாம்; அவை தாயோடு வெளியே நடமாடத் தொடங்கும்வரை பொறுங்கள். அவசரம் என்றால் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானிடம் சொல்லுங்கள்.

குட்டி இல்லை என்று உறுதியானால், மற்ற ஓட்டைகளை எல்லாம் 12 மில்லிமீட்டர் சதுரக்கண் வலையால் மூடி, திருகாணி போட்டு இறுக்குங்கள். நுரை அடைப்பான் தெளிப்பது வீண். ஒரு இரவில் பிய்த்துவிடும். கடைசி வாசலில் மட்டும் மேல்விளிம்பில் கீல் வைத்த தகடு ஒன்றை, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும்படி தொங்கவிடுங்கள். உள்ளிருப்பது தள்ளிக்கொண்டு போகும், வெளியே இருப்பது இழுத்துத் திறக்காது. தகட்டின் கீழ் விளிம்பு கூரைமேல் கொஞ்சம் படிந்திருக்க வேண்டும். இடைவெளி விட்டால் நகத்தைக் கொடுத்துத் தூக்கிவிடும். மூன்று இரவு சத்தமே இல்லை என்றால் தகட்டை எடுத்து வலையால் நிரந்தரமாக மூடுங்கள். கூரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வரும் கிளைகளை வெட்டுங்கள். ரம்புத்தான் மரம் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் மற்ற வேலையெல்லாம் பாதி வேலைதான்.

கறை மூத்திரம். ஊறிய சீலிங் பலகை திடீரென்று கீழே விழும். தட்டிப் பார்த்து மெத்தென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டு அள்ளுங்கள். பழைய வீடென்றால் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை ரம்பம் போட்டு அறுக்க வேண்டாம். தெரிந்த ஆளை அழையுங்கள்.

கேள்வி: கால்வாயில் பெரிய உடும்பு. பிள்ளைகள் விளையாடும் இடம். ஆபத்தா?
– ந.செ., நிபோங் திபால்

பதில்: தானாக வந்து தாக்காது. மடக்கினால் வாலால் சவுக்கு போல அடிக்கும். கடித்தால் புண் சீழ் பிடிக்கும். செத்த எலி, மீன்குடல், கோழிக்கடைக் கழிவு கிடக்கும் கால்வாயில்தான் அது வந்து தங்கும். கால்வாய் சுத்தமானால் அது வேறிடம் போகும். மூக்குத் துவாரம் முகத்தின் நுனியில் இருந்தால் தண்ணீர் உடும்பு. கண்ணுக்கும் நுனிக்கும் நடுவில் கீறல் போல இருந்தால் மரமேறும் வகை, அது பெரும்பாலும் பூச்சி தின்னும். கோழிக்குஞ்சு வைத்திருப்பவர்கள் முதல் பதிலில் சொன்ன வலையைப் போட்டால் இதற்கும் சேர்த்தே ஆயிற்று. பிடித்துக் குழம்பு வைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால், உரிமம் இல்லாமல் அது குற்றம்.

கேள்வி: வேலியோரப் புதரில் பந்து போல ஒரு குளவிக்கூடு. அடுத்த வாரம் புல் வெட்ட ஆள் வருகிறார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தலாமா?
– கா.ர., ரவாங்

பதில்: கொளுத்தவும் வேண்டாம், புல் வெட்டும் ஆளை வரச் சொல்லவும் வேண்டாம். கறுத்த உடம்பில் வயிற்றின் முன்பாதி ஆரஞ்சுப் பட்டையாக இருந்தால் அது தெபுவான் குளவி. புல்வெட்டும் இயந்திரத்தின் அதிர்வுதான் அதற்கு முதல் எதிரி. கூடு கண்ணில் படாமல் இயந்திரம் பக்கத்தில் போனதும் கூட்டமாக வெளியே வரும். தீ வைத்தால் பறக்கக்கூடியவை எல்லாம் ஒரே நேரத்தில் உங்களிடம் வரும், வேலியும் எரியும். 999-ஐ அழையுங்கள். அவர்கள் பாதுகாப்பு உடையோடு, குளவிகள் கூடடைந்த பிறகு இருட்டில் வந்து எடுப்பார்கள். அதுவரை கூட்டைச் சுற்றி 10 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, பிள்ளைகளையும் நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள்.

துரத்தினால் கையை வீசாமல், சட்டையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு நேரே ஓடி வீட்டுக்கோ காருக்கோ புகுந்து கதவைச் சாத்துங்கள். குளத்தில் குதித்தால் மேலே காத்திருக்கும். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு என்றால் ஆம்புலன்ஸ். பத்துக்கு மேல் கொட்டியிருந்தால், ஆள் நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அதுதான் அறிகுறி.

கேள்வி: கார் போர்ச்சில் வௌவால் தொங்கி ஜம்புக்காய் தின்று சுவரெல்லாம் கறை. தொல்லை தாங்கவில்லை. மருந்தடிக்கலாமா? நிப்பா வைரஸ் பயமும் இருக்கிறது.
– பூ.ச., உலு லங்காட்

பதில்: அது உங்கள் போர்ச்சில் குடியிருக்கவில்லை, சாப்பிட வருகிறது. பழத்தைக் கவ்வி வந்து தொங்கித் தின்று, சக்கையைத் துப்பிவிட்டுப் போகும். தொங்கும் இடத்தைக் கெடுத்துவிட்டால் போதும். கறைக்கு நேர்மேலே கூரையில், ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் கீற்றுகளைக் கைவிரல் இடைவெளியில் நெருக்கமாக ஒட்டித் தொங்கவிடுங்கள்; பிடிக்க இடம் கிடைக்காது. இரண்டு வாரம் போர்ச் விளக்கையும் எரியவிடுங்கள். பழக்கொத்துகளைக் காயாக இருக்கும்போதே காகிதப் பையில் கட்டுங்கள். மரத்துக்கு வலை போடுவதென்றால் கண்கள் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். மீன்வலை போடாதீர்கள், சிறகு சிக்கி இரவெல்லாம் கத்திச் சாகும், அதை எடுக்கப் போய் நீங்கள் கடி வாங்குவீர்கள்.

நிப்பா 1998–99-இல் பன்றிப் பண்ணைகள் வழியாக வந்தது. பண்ணையின் மேலிருந்த பழமரங்களில் பெரிய பழவௌவால்கள் தின்று போட்டதைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து ஆளுக்கு வந்தது. வீட்டில் செய்ய வேண்டியது: கடிபட்ட பழத்தை “அந்தப் பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது” என்று நறுக்கித் தின்னாதீர்கள், ஆடுமாட்டுக்கும் போடாதீர்கள். சக்கையைக் கையுறை போட்டுக் கழுவுங்கள். வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள்.

மருந்து வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் டுரியான். டுரியான் பூ மாலையில் விரிந்து விடியலுக்குள் உதிர்ந்துவிடும். அந்த ஓர் இரவில் மகரந்தம் மாற்றுவது பெரும்பாலும் தேன் குடிக்கும் குகை வௌவால். பத்துமலைக் குகைகளில் தங்கும் இந்த இனம் இரவில் 30 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். உங்கள் ஜம்புக்காயைத் தின்பது வேறு இனம். ஆனால் மருந்துக்கும் வலைக்கும் வித்தியாசம் தெரியாது. டுரியான் பூக்காத மாதங்களில் குகை வௌவால் கடலோரச் சதுப்புக்காட்டுப் பூவில் பிழைக்கிறது. அந்தக் காடு அழிந்த ஊர்களில் டுரியான் காய்ப்புக் குறைகிறது என்று பழத்தோட்டக்காரர்கள் குறைபடுவதற்கு இது ஒரு காரணம்.

கேள்வி: தென்னை மரத்தில் தோல் போர்த்திய பூனை போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பகலெல்லாம் அசையவில்லை. நோயா?
– லெ.கி., தஞ்சோங் பூங்கா

பதில்: நோயில்லை. கூபோங், இரவில் மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும், பகலில் மரப்பட்டையோடு ஒட்டித் தூங்கும். தரையில் விழுந்து கிடந்தால் மட்டும் உதவி தேவை: தடித்த துணியால் தூக்கி, பக்கத்து மரத்தண்டில் உங்கள் தலை உயரத்தில் ஒட்டவையுங்கள். தானே ஏறிவிடும். கூண்டில் வைத்துப் பழம் கொடுத்து வளர்க்க முயன்றால் பிழைக்காது.

கேள்வி: பூந்தொட்டிக்கு அடியில் பெரிய கருந்தேள், பக்கத்தில் பூரான். எது அதிக ஆபத்து?
– த.இ., புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பார்க்கப் பயமூட்டுவது தேள், வலி அதிகம் தருவது பூரான். நம் காட்டுக் கருந்தேள் கொட்டினால் தேனீ கொட்டிய அளவுதான் பெரும்பாலும். பூரான் கடித்தால், கடித்த இடத்தைச் சூடு தாங்கும் அளவுக்கு வெந்நீரில், சுமார் 45 டிகிரியில், 20 நிமிடம் வைத்தால் வலி இறங்கும். மறுகையால் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். வலியில் சூடு தெரியாமல் வெந்துபோனவர்கள் உண்டு. ஒவ்வாமை அறிகுறி தெரிந்தாலோ, கடிபட்டது சிறு குழந்தை என்றாலோ மருத்துவரிடம் போகலாம். தொட்டிகளை நேரே தரையில் வைக்காமல் கம்பித் தாங்கியில் வையுங்கள். வெளியே கிடக்கும் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். இரவில் தேள் இருக்கிறதா என்று பார்க்க, கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதாக்கதிர் விளக்கு போதும். தேள் பச்சையாக மின்னும். பூரான் அப்படிப் பளிச்சென்று தெரியாது. அதற்குச் சாதாரண டார்ச்சே நல்லது.